திறவுகோல் யார் கையில்?

(ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

 

நூலகர் என்பார் நூற்பேழையைப் பூட்டித் திறவுகோலைக் காத்திருப்பவர் என்னும் எண்ணம் நம் பள்ளிகளில் இன்னும் முற்றாக அகலவில்லை. அவ்வெண்ணத்தைத் தகர்க்க முற்பட்டவர் ஒரு தமிழரே! சீர்காழியிற் பிறந்து, கணக்காசிரியராய்ப் பணியாற்றி, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அரங்கநாதனார், 1931-இல் நூலகத்துறைக்கு ஐந்து நெறிகளை வகுத்தளித்தார். நூலின் பயன் பூட்டிவைப்பதில் இல்லை. படிப்பவர் கையிற் சேர்ப்பதில்தான் உண்டு என்பதே அவற்றின் உயிர்நிலை. 1948-இல் சென்னை மாகாணத்திற் பொதுநூலகச் சட்டம் பிறந்ததும் அவர்தம் உழைப்பாலேயே.

இன்று நூல் பேழையை விட்டு வெளியேறிக் கைப்பேசித் திரையில் அமர்ந்துவிட்டது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னெழுத்தாக்கி விலையின்றி வழங்குகின்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய நூல்களைப் பக்கப் படங்களாகத் தருகின்றது. "எல்லாம் இணையத்தில் இருக்க, நூலகர் எதற்கு?" என வினவுவாரும் பெருகிவிட்டனர்.

பூட்டு ஒழிந்ததா? இல்லை! இன்று சொல்லே பூட்டு, சொல்லே திறவுகோல்.

'விவசாயம்' என்று மட்டுமே தேடும் மாணவன், 'வேளாண்மை', 'உழவு' என்னும் பெயர் தாங்கிய நூல்களைக் காணாமலே போகலாம். 'அரங்கநாதன்' என்றெழுதித் தேடினால் ஒரு வரிசை வரும். 'ரங்கநாதன்' என்றெழுதினால் வேறொரு வரிசை வரும். பழைய அச்சு நூல்களைப் பொறியைக் கொண்டு எழுத்தாக்கும்போது, துணைக்காலை ரகரமென்றும் ரகரத்தைத் துணைக்காலென்றும் அது மயங்குவதுண்டு. 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய ணை, லை, னை முதலிய வடிவங்களும் அதற்கு இடர் தருவன. அவ்வாறு பிழைபட்ட சொல் எந்தத் தேடலிலும் அகப்படாது. நூல் இருந்தும் இல்லாததாகிவிடும்!

தூயதமிழ்ச் சொல்லும் அறிந்து, வழக்கில் உள்ள பிறசொல்லும் அறிந்து, இரண்டு வாயிலையும் திறந்துகாட்டுபவரே இற்றை நூலகர். வேற்றுச்சொல்லால் தேடவந்த பிள்ளையைத் தமிழ்ச்சொல்லின்பால் ஆற்றுப்படுத்தும் நல்வாய்ப்பும் அவர்க்கே உண்டு.

இன்னொன்று கேளுங்கள். வள்ளுவர் சொல்லாதனவற்றை வள்ளுவர் பெயரால் பரப்புவார் உளர். செயற்கை அறிவுப் பொறிகளும் இல்லாத குறளைப் புனைந்து தயங்காது தருகின்றன. குறள் 1330-தாம், மூலநூலைப் புரட்டினால் பொய் வெளிப்பட்டுவிடும். ஆயின், புரட்டிப் பார்க்கவேண்டும் என்னும் எண்ணத்தை மாணவன் உள்ளத்தில் விதைப்பவர் யார்? எழுதியவர் யார், எப்போது எழுதினார், மூலம் எங்குளது என்னும் மூன்று வினாக்களை நாள்தோறும் பழக்குவதே மின்னெழுத்தறிவின் அடிப்படை. கணிப்பொறியை இயக்கத் தெரிதல் அவ்வறிவின் ஒரு கூறே.

இப்பணிக்குரிய நூலகர் பல பள்ளிகளில் இல்லை. ஏற்கெனவே பாடச் சுமை தாங்கும் ஆசிரியர் ஒருவரே நூற்பேழைக்கும் பொறுப்பாகின்றார். கணிப்பொறிகளை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவற்றின்வழி நூலைக் காட்டும் ஆளை அமர்த்தாமை, கிணறு தோண்டிக் கயிறு தராமை போன்றதன்றோ?

எனவே, பள்ளிதோறும் பயிற்சி பெற்ற நூலகர் ஒருவர் வேண்டுமெனக் கேளுங்கள்! பெற்றோர் கூட்டங்களிற் கேளுங்கள்! எழுத்தில் விண்ணப்பித்துக் கேளுங்கள்! அதுவரை, கிழமைக்கு ஒரு பாடவேளையேனும் தேடவும் தெளியவும் பிள்ளைகளைப் பழக்குங்கள்! தமிழைத் தேடத் தெரியாத தலைமுறைக்குத் தமிழ்நூல் எத்துணை இருந்தும் பயனில்லை.