யாரிடம் கேட்பது?
ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பட்டையில் செய்தியும் வதந்தியும்



நகர வாழ்வும் ஊடகமும் பற்றிப் பேசுங்கள் என்று இந்த அறக்கட்டளையினர் கேட்டபோது, சென்னையைப் பற்றிப் பேசுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே போகிறேன். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம். இவற்றில் பலவற்றை இன்றும் கிராமம் என்றுதான் சொல்கிறோம். ஆனால் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று பாருங்கள். வரிசையாகக் கம்பெனி பஸ்கள், கழுத்தில் அடையாள அட்டை, காதில் இயர்போன். மின்கம்பத்தில் ‘ஆட்கள் தேவை, தங்குமிடம் உணவு இலவசம்’ என்ற நோட்டீஸ். பக்கத்திலேயே இந்தியிலும் எழுதிய வாடகை அறிவிப்பு. கிராமம் என்று சொல்ல வாய் வராது.

2021 டிசம்பர் 15 அன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூந்தமல்லி அருகே ஒரு விடுதி. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். உணவு நஞ்சாகி வாந்தி, பேதி. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இன்னும் நூறு பேர் அளவில் சிகிச்சை பெற்றுத் திரும்பினார்கள். யார் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்று அறைத் தோழிகளுக்குத் தெரியவில்லை. இரண்டு நாளில் ‘சிலர் செத்துவிட்டார்கள், மறைக்கிறார்கள்’ என்ற சேதி வாட்ஸப்பில் பரவியது. 17-ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாளும் எழவில்லை.

யாரும் சாகவில்லை. அமைச்சர்கள் சொன்னார்கள், அதிகாரிகள் சொன்னார்கள், போலீஸ் ஒலிபெருக்கியில் சொன்னது. நம்பவில்லை. மருத்துவமனையில் இருந்தவர்களை வீடியோ அழைப்பில் பேசவைத்துக் காட்டிய பிறகுதான் கூட்டம் இறங்கி வந்தது. வதந்தி பரப்பியதாக யூட்டியூபர் ஒருவர் கைதானார். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-இல்தான் திறந்தது.

‘படிக்காத பிள்ளைகள், வாட்ஸப்பில் வந்ததையெல்லாம் நம்புகிறார்கள்’ என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெண்களில் ஐடிஐ, டிப்ளமோ, பட்டப்படிப்பு முடித்தவர்கள் உண்டு. எல்லாவற்றையும் நம்புகிறவர்கள் என்றால் அமைச்சர் சொன்னதையும் நம்பியிருக்க வேண்டுமே?

வதந்தியைப் பற்றி உருப்படியாகச் சிந்தித்தவர் தமோத்சு ஷிபுதானி. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப்போரின்போது கலிபோர்னியாவின் துலே லேக் முகாமில் தன் இனத்தாரோடு அடைத்து வைக்கப்பட்டவர். அடுத்து எங்கே கொண்டுபோவார்கள் என்று யாரும் சொல்லாத இடத்தில் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை உள்ளேயிருந்து பார்த்தார். 1966-இல் வந்த அவருடைய நூலின் சாரம் இதுதான்: செய்திக்கான தேவை பெரிதாகவும் வரத்துச் சிறிதாகவும் இருக்கும்போது, மக்கள் கூடி யோசித்துத் தாங்களே செய்தியைச் செய்துகொள்கிறார்கள். அதற்கு நாம் வதந்தி என்று பெயர் வைக்கிறோம்.

இதை வைத்துக்கொண்டு விடுதிக்குள் போவோம். அறைக்கு ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை, தரையில் பாய். சில இடங்களில் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் இல்லை என்று அந்த நாள்களில் செய்திகள் வந்தன. ஊர் விட்டு வந்த இருபது வயதுப் பெண்கள். ஒரே அறையில் ஒருத்தி ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், இன்னொருத்தி நைட். இவள் வரும்போது அவள் தூங்குகிறாள். கேட்டுக்குள் போனால் சொந்த போனுக்கு இடமில்லை. ஊருக்கெல்லாம் பேச்சைக் கொண்டுபோகும் கருவியைச் செய்கிறவர்கள், எட்டு மணி நேரம் அதைத் தொடமுடியாமல் இருக்கிறார்கள்! வேலை ஏஜென்சி வழியாக, சாப்பாடு காண்ட்ராக்டர் வழியாக, பஸ் வேறொருவர் வழியாக. சாம்பாரில் புழு கிடந்தால் யாரிடம் சொல்வது? வார்டனிடம். வார்டன் காண்ட்ராக்டரைக் காட்டுவார், காண்ட்ராக்டர் கம்பெனியை, கம்பெனி ஏஜென்சியை. உத்தரவு மட்டும் மேலிருந்து தங்குதடையில்லாமல் வந்து சேர்ந்துவிடும். கேள்வி மேலே போக வழியில்லை. அங்கே மிஞ்சியது வாட்ஸப் குரூப் ஒன்றுதான். அந்தப் பெண்கள் அறைத் தோழியின் முகத்தை நம்பினார்கள். வீடியோவில் அந்த முகமே தெரிந்ததும் எழுந்தார்கள். இதைவிடத் தெளிவாகச் செய்தியைச் சரிபார்ப்பவர்களை நான் பார்த்ததில்லை.

2023 மார்ச்சில் இதே சங்கதி வேறு மொழியில் வந்தது. பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அப்போது தமிழ்நாடு டிஜிபியாக இருந்த சைலேந்திரபாபு மறுத்து வீடியோ வெளியிட்டார்: ஒன்றில் அடித்துக்கொண்டவர்கள் பீகார்க்காரர்களே, இன்னொன்றில் கோவை உள்ளூர்க்காரர்கள். பீகாரிலிருந்து ஒரு குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இங்கே ஒரு வேறுபாடு உண்டு. 2021-இன் சேதி இங்கே பிறந்து வெளியே போனது. 2023-இன் சேதி வெளியே பிறந்து, அம்மாவின் போன் அழைப்பாக இங்கே வந்தது. ‘கிளம்பி வா’ என்று ஊரிலிருந்து அழும் தாய்க்கு, அடுத்த தெரு டீக்கடையில் ஒன்றும் நடக்கவில்லை என்று நிரூபிப்பது எப்படி? டீக்கடைக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் இரண்டு வருடம் இங்கே வாழ்ந்துவிட முடிகிறது. அக்கம்பக்கம் இல்லாத நகரத்தில் அக்கம்பக்கத்துச் சாட்சி எங்கிருந்து வரும்?

பழைய தொழிற்சங்கக் காலத்தில் கேட் மீட்டிங் என்று ஒன்று இருந்தது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று கேட்பது பெரிய சுகமில்லை. பேச்சாளர்கள் சிலர் நம்மைப் போலவே நீட்டுவார்கள். ஆனால் பேசுகிறவன் எதிரே நின்றான். கை தூக்கிக் கேட்க முடிந்தது.

அதனால்தான் 2024 செப்டம்பர் 9-இல் இதே வட்டாரத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கி 37 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தையும் இந்தத் தலைப்புக்குள் வைத்துப் பார்க்கிறேன். சம்பளக் கோரிக்கை இருந்தது, இல்லாமலில்லை. முட்டுக்கட்டையாக நின்றது சங்கத்துக்கு அங்கீகாரம். நிர்வாகம் தானே அமைத்த குழுவோடு பேசத் தயாராக இருந்தது. தொழிலாளர்கள் தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களோடு பேசச் சொன்னார்கள். சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் வரலாமா என்பதே வழக்காகி, 2025 ஜனவரி 27-இல்தான் பதிவு கிடைத்தது.

விடுதிக்கே திரும்புவோம். 2024 ஆகஸ்ட் 17-இல் வல்லம் வடகாலில் அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய விடுதியை முதல்வர் திறந்துவைத்தார். 706.50 கோடி ரூபாய்; 13 கட்டடங்கள், ஒவ்வொன்றும் பத்து மாடி; 18,720 பெண்கள் தங்கலாம். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். நம் ஊர்களில் பல பேரூராட்சிகளைவிட அது பெரிது. பேரூராட்சிக்குக் கவுன்சிலர் உண்டு. அதுபோல இந்த விடுதியில் ஒவ்வொரு மாடிக்கும் அந்தப் பெண்களே தேர்ந்தெடுத்த ஒருத்தி வேண்டும். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வந்து போனால், எந்த மருத்துவமனை, எந்த வார்டு, கூடப் போனது யார் என்று விடிவதற்குள் அறைத் தோழிகளிடம் சொல்லும் பொறுப்பு அவளுடையதாக இருக்க வேண்டும். அவள் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டிய அதிகாரி யார் என்பதும், அவருடைய போன் எண்ணும், லிஃப்ட் பக்கத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.