ஆறாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம்



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்த அம்மையார் பணிக்காலம் முழுக்க ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். பதவி உயர்வு வந்தபோதும் அந்த வகுப்பை விட்டுக்கொடுக்கவில்லையாம். அப்படிப்பட்டவர் பெயரால் பேச அழைக்கப்பட்டவன் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு வேறொன்றைப் பேசுவது முறையாகாது. ஆனாலும் நான் தொடங்க வேண்டியிருப்பது ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனிடமிருந்து.

2023 ஆகஸ்ட் மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த அந்த மாணவனை, அவனோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. மாநிலமே அதிர்ந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தார். கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, நெற்றியில் அடையாளம், விரலில் சாதி மோதிரம் எதுவும் கூடாது, பள்ளிப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பெயர்களை நீக்க வேண்டும், ஆசிரியர்களை ஒரே ஊரில் வேர்விட வைக்காமல் இடமாற்றம் செய்ய வேண்டும் என்று பலவற்றை அது பரிந்துரைத்தது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை அறநெறி வகுப்பு வேண்டும் என்றும் சொன்னது.

அறிக்கையை மதிக்கிறேன். நம் பள்ளிகளைப் பற்றி அவ்வளவு வெளிப்படையாக எழுதப்பட்ட அரசு ஆவணம் அரிது. இருந்தாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஏன் ஆறாம் வகுப்பு? அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் அந்தப் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொண்டிருந்தார்கள்? இன்னொன்று: தனிப் பாடவேளை என்று ஒன்றை ஒதுக்கினால் அதற்கு என்ன கதி நேரும் என்று இங்கே இருக்கும் மூத்த ஆசிரியர்களுக்குத் தெரியும். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கியது போக, அடுத்த கடன் இதில்தான்.

‘குழந்தைகளுக்குச் சாதி தெரியாது, நாம் பேசினால்தான் தெரிந்துகொள்ளும்’ என்பது நம் ஆசிரியர் அறைகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் உலகெங்கும் கிடைத்த சான்றுகள் அதற்கு எதிராக இருக்கின்றன. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி 1940களில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். நிறத்தைத் தவிர எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருந்த பொம்மைகளைக் குழந்தைகள் முன் வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். மூன்று வயது முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றார்கள். கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பள்ளி கூடாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த ஆய்வையும் குறிப்பிட்டது.

இதைவிட நமக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. 1997இல் ரெபெக்கா பிக்லர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் வெளியிட்டது. கோடைப் பள்ளி ஒன்றில் 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு நீலச் சட்டை, சிலருக்கு மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறத்தை வைத்தே எல்லாம் செய்தார்கள். நீலம் இந்தப் பக்கம் உட்காருங்கள், மஞ்சள் வரிசையில் நில்லுங்கள் என்று. நீலம் உயர்ந்தது என்றோ மஞ்சள் தாழ்ந்தது என்றோ யாரும் சொல்லவில்லை. சில வாரங்களில் அந்தப் பிள்ளைகள் தங்கள் நிறத்தாரே சிறந்தவர்கள் என்று எண்ணத் தொடங்கினார்கள். வேறு சில வகுப்புகளிலும் அதே சட்டைகள்தான். ஆனால் அங்கே ஆசிரியர்கள் நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. அங்கே அந்த எண்ணம் முளைக்கவில்லை.

சட்டை இருந்ததால் மட்டும் பாகுபாடு வரவில்லை. பெரியவர் ஒருவர் அதைப் பயன்படுத்தியதால் வந்தது. நம் பள்ளியில் அந்தச் சட்டையை நாம் எத்தனை முறை பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். உதவித்தொகை விண்ணப்பம் வருகிறது. ‘எஸ்சி பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க’ என்கிறோம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். அந்த நிமிடம் எந்தப் பாடப்புத்தகமும் கற்பிக்க முடியாத ஒன்றை நாற்பது பேரும் கற்றுக்கொள்கிறார்கள். உதவித்தொகை பற்றிய விவரங்களை வகுப்பில் கேட்கக் கூடாது, தலைமையாசிரியர் அறையில் தனியாகக் கேட்க வேண்டும் என்றும், வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது என்றும், அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றும் சந்துரு குழு சொன்னதை நான் வெறும் நிர்வாகக் குறிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அறநெறி வகுப்பைவிட இவை பெரிய பாடங்கள். கழிப்பறை கழுவ யாரை அனுப்புகிறோம், குடத்தில் தண்ணீர் மொண்டு தர யாரைக் கூப்பிடுகிறோம், ஆண்டு விழாவில் வந்த அமைச்சருக்குப் பூங்கொத்துக் கொடுக்க எந்த நிறத்துப் பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் அப்படித்தான்.

நம் பாடநூல்கள் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மையற்றது என்று மூன்று வாக்கியங்கள் அச்சிடப்பட்டிருக்கும். எத்தனை ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து ஒரு பாடவேளை பேசியிருப்போம்? புத்தகத்துக்கு அட்டை போடும்போது பிள்ளைகள் அதைப் பார்ப்பதோடு சரி.

நாங்குநேரி இருக்கும் அதே மாவட்டத்தில்தான் சேரன்மாதேவி இருக்கிறது. தேசபக்தர் வ. வே. சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும், பெற்றோர் கேட்டுக்கொண்டதற்காகத் தனிப்பந்தி நடந்தது. 1924, 1925இல் தமிழகக் காங்கிரஸையே பிளந்த பூசல் அது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். காந்தி வரை போனது. பின்னாளில் முதலமைச்சரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின், அங்கே படித்த மகன் வீட்டுக்கு வந்து சொன்னதும் அது வெளியே தெரிய ஒரு காரணம் என்பார்கள். பெரியவர்கள் இதில் அரசியலைப் பார்த்தார்கள், சரிதான். நான் பார்ப்பது அந்தச் சிறுவனை. யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதை அவன் கவனித்திருக்கிறான். குருகுலத்தில் தேசபக்தியும் தியாகமும் பாடமாக இருந்தன. அவன் வீட்டுக்குக் கொண்டுபோனது பந்தியை.

நூறு ஆண்டு கழித்தும் நம் சண்டை சாப்பாட்டில்தான் நிற்கிறது. பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்பதற்காகப் பள்ளியில் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர்கள் திருப்பூர் மாவட்டத்திலும் கரூர் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் செய்தியானார்கள். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் இது தொடர்ந்தது. அதிகாரிகள் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டினார்கள். நல்ல காரியம். அடுத்த நாள் அதிகாரி வரமாட்டார், ஆசிரியர்தான் இருப்பார். அவர் டிபன் பாக்ஸைத் திறந்து தனியே சாப்பிடுகிறாரா, பிள்ளைகளோடு அதே சோற்றைச் சாப்பிடுகிறாரா என்பதே அந்தப் பள்ளியின் பாடம்.

சரி, எந்த வயதில் என்ன பேசுவது? ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்குச் சாதியின் வரலாறு வேண்டாம். அதற்கு நியாயம், அநியாயம் நன்றாகத் தெரியும். ‘அவனுக்கு ரெண்டு மிட்டாய், எனக்கு ஒண்ணா?’ என்று கேட்கிற வயது. அங்கே இருந்துதான் தொடங்க முடியும். ஒரு குழந்தை ‘அவன் பக்கத்துல உட்கார மாட்டேன் டீச்சர், எங்கம்மா திட்டுவாங்க’ என்கிறது. நம்மில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. சத்தமில்லாமல் இடத்தை மாற்றிவிடுவோம். அல்லது ‘உங்கம்மாவுக்கு அறிவில்லையா’ என்போம். முதலாவது அம்மா சொன்னதைப் பள்ளியும் ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டாவது, அம்மாவையும் டீச்சரையும் தராசில் வைத்து நிறுக்கும் வேலையை ஆறு வயதுக் குழந்தையிடம் கொடுக்கும். அம்மாதான் வெல்வார். ‘நம்ம வகுப்புல எல்லாரும் எல்லார் பக்கத்துலயும் உட்காருவோம். வாரா வாரம் மாறுவோம். டீச்சரும் மாறி மாறி உட்காருவேன்’ என்று சொல்லிவிட்டு அதைச் செய்வது போதும். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அவரோடு பேச வேண்டியதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசலாம்.

எட்டு, ஒன்பது, பத்து வயது கதைக்கான வயது. 1901இல் அம்பேத்கர் சிறுவனாக, அண்ணனோடும் அக்காள் மகனோடும் சாத்தாராவிலிருந்து ரயிலேறித் தந்தையைப் பார்க்கப் போனார். ரயில் நிலையத்துக்கு யாரும் வரவில்லை. நல்ல உடை அணிந்த அந்தப் பிள்ளைகளிடம் நிலைய அதிகாரி முதலில் அன்பாகத்தான் பேசினார். தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட மகர் சாதி என்று தெரிந்ததும் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரண்டு மடங்கு கூலி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளே மாட்டை ஓட்டிக்கொள்ள வேண்டும், தான் கூட நடந்துவருவேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டார். கையில் உணவு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவைப் பசியோடு கழித்தார்கள். என்சிஇஆர்டி 2006இல் கொண்டுவந்த ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் இந்தப் பயணம் இடம்பெற்றது. சம்பவம் நடந்தபோது அம்பேத்கருக்கு வயது ஒன்பது, பத்துதான். படிக்கும் பிள்ளைக்கு மட்டும் பதினொன்று ஆக வேண்டும் என்கிறோம். அவமானப்படுத்துகிறவர்கள் பிள்ளையின் வயதைக் கேட்டுவிட்டு அவமானப்படுத்துவதில்லை.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு கவனம் வேண்டும். சொல்லி முடித்ததும் ‘அம்பேத்கர் இடத்தில் நீ இருந்தால் எப்படி இருக்கும்?’ என்று கேட்காதீர்கள். வகுப்பில் அந்த இடத்திலேயே இருக்கும் பிள்ளைகள் சிலர் உண்டு. எல்லாக் கண்களும் அவர்கள் பக்கம் திரும்பும். ‘நிலைய அதிகாரி இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? வண்டிக்காரர் அப்படி நடந்துகொள்ள அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?’ என்று கேளுங்கள். பாதிக்கப்பட்டவனை மாதிரிப் பொருளாக நிறுத்தி மற்றவர்களுக்கு இரக்கம் கற்பிக்கும் வழக்கத்தை நாம் விட வேண்டும்.

அதே காரணத்தால்தான் அமெரிக்காவின் புகழ்பெற்ற ‘நீலக்கண், பழுப்புக்கண்’ பயிற்சி இங்கே ஒத்துவராது என்கிறேன். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள் ஐயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்பைக் கண்ணின் நிறத்தை வைத்துப் பிரித்து, ஒரு பிரிவை உயர்த்தியும் மறு பிரிவைத் தாழ்த்தியும் நடத்தினார். அடுத்து மாற்றினார். பிள்ளைகள் அழுதார்கள், சண்டையிட்டார்கள், புரிந்துகொண்டார்கள் என்றும் சொல்கிறார்கள். அவர் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். ஒருநாள் தாழ்வு என்றால் என்ன என்று அவர்களுக்கு அது தெரியவைத்தது. நம் வகுப்பில் தினமும் அதை அனுபவிக்கும் பிள்ளையும் அனுபவிக்கவைக்கும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். அங்கே நாடகம் போட்டால் யாருக்கு எந்தப் பாத்திரம் என்று சொல்லத் தேவையிருக்காது. பயிலரங்குகளில் இதை உற்சாகமாகச் செய்துகாட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வேறு பாகுபாடுகளும் இருக்கின்றன. ‘சோடாபுட்டி’, ‘கருவாயன்’, திருப்பூரிலும் சென்னையிலும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளுக்கு ஒட்டப்படும் ‘வடக்கன்’. தொடக்க வகுப்பில் இவற்றை எளிதாகப் பேசிவிடலாம். சாதிக்கு வரும்போதுதான் நம் நாக்கு மடங்குகிறது. அதனால் இவற்றைப் பேசி முடித்ததும் பாகுபாட்டைப் பேசி முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

பதின்மூன்று வயதுக்கு மேல் நிலைமை வேறு. மாணவன் கையிலிருக்கும் மஞ்சள், சிவப்புக் கயிற்றைக் கழற்றச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை 2019 ஜூலையிலேயே சுற்றறிக்கை அனுப்பியது. கயிற்றைக் கழற்றலாம். ரீல்ஸில் ஓடும் சாதிப் பாட்டையும் திருமண ஃப்ளெக்ஸில் சிரிக்கும் தலைவர் படத்தையும் யார் கழற்றுவது? இந்த வயதில் ‘அப்படிச் செய்யாதே’ என்ற பேச்சு காதில் ஏறாது. அவனுக்குக் கேள்விகளைக் கொடுக்க வேண்டும். இந்த ஃப்ளெக்ஸுக்குப் பணம் போட்டது யார், உன்னை வழக்கில் சேர்த்தால் ஜாமீன் எடுக்க அவர் வருவாரா, உன் தாத்தா காலத்தில் அதில் போட்டிருக்கும் சாதிப் பட்டப்பெயர் இருந்ததா? அரசியலமைப்பின் 17ஆம் பிரிவையும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் மதிப்பெண்ணுக்காக அல்லாமல் படிக்கச் செய்யலாம். இவற்றை எல்லாம் பேசும் ஆசிரியர் அந்த ஊரின் பெரும்பான்மைச் சாதியைச் சேர்ந்தவராக இருந்து பேசினால் அதன் எடை வேறு. ஒடுக்கப்பட்ட சமூகத்து ஆசிரியர் தலையில் மட்டும் இந்த வேலையைக் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர் வந்து சண்டை போட்டால் என்ன செய்வது என்று உங்களில் சிலர் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வருவார்கள். அப்போது தனி ஆசிரியராக நிற்காதீர்கள். உட்காரும் முறை, பரிமாறும் முறை, சுத்தம் செய்யும் முறை மூன்றையும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக்கி, தலைமையாசிரியர் கையெழுத்தோடு சுவரில் ஒட்டிவையுங்கள். சண்டைக்கு வருகிறவர் அந்தத் தாளோடு சண்டை போடட்டும். தலைமையாசிரியரே கையெழுத்துப் போடத் தயங்கினால், அதற்கு என்ன வழி என்று பேச இந்த அரங்கில் அனுபவமுள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.