பள்ளி சர்வரில் கடவுச்சொல்: ஓரிடத்தில் எழுதினால் போதும்
(விருத்தாசலத்தில் ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஆய்வகக் கணினி ஒன்றில் அப்பாச்சி வலை சர்வரை நிறுவி, மூன்று கோப்புறைகள் வைத்திருப்பதாகக் கொள்வோம். வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், பாடக் குறிப்பு. முதல் இரண்டும் ஆசிரியர்களுக்கு மட்டும். மூன்றாவது மாணவர்களுக்கும் சேர்த்து.

பெரும்பாலும் கோப்புறைக்கு ஒரு கடவுச்சொல் கோப்பு என்று பிரதி எடுத்து வைத்துவிடுகிறோம். கலந்தாய்வு முடிந்து ஓர் ஆசிரியர் மாறுதலாகிப் போகிறார். ஒரு கோப்பில் பெயரை எடுத்துவிட்டு, இன்னொன்றில் விட்டுவிட்டால்? நம் பிள்ளைகளின் மதிப்பெண்கள் வெளியாள் ஒருவருக்குத் திறந்தே கிடக்கும்.

நம் ஊர் செராமிக் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டர் அச்சு ஒன்று இருந்தால், களிமண் குழம்பை ஊற்றி ஊற்றிப் பல பொம்மைகள் எடுக்கலாம். அப்பாச்சியிலும் அப்படியோர் அச்சு உண்டு: 'ஆத்என் புரொவைடர் அலியாஸ்'. 2.2 பதிப்பில் தனி மாட்யூலாக இருந்தது. 2012இல் வந்த 2.4இல் மைய மாட்யூலோடு சேர்த்துவிட்டார்கள்.

ஒரு கோப்புறைக்கு ஒரு கடவுச்சொல் கோப்பைத்தான் நேரடியாகக் காட்ட முடியும். அலியாஸ் இருந்தால், ஆசிரியர் கோப்புக்கு 'ஆசிரியர்' என்றும், மாணவர் கோப்புக்கு 'மாணவர்' என்றும் பெயரிட்டு, பாடக் குறிப்புக்கு இரண்டையும், மற்றவற்றுக்கு முதலாவதை மட்டும் எழுதலாம். நாளை கோப்பை விட்டு டேட்டாபேஸுக்கு மாறினாலும் மாற்ற வேண்டியது அந்த ஒரு பெயரின் விளக்கத்தை மட்டுமே. ஆனால் அச்சில் கீறல் விழுந்தால் எல்லாப் பொம்மையிலும் தழும்பு விழும். ஆகவே சர்வரை மறுபடி இயக்குமுன் 'கான்ஃபிக் டெஸ்ட்' கட்டளை கொடுத்துப் பாருங்கள். அது எழுத்துப்பிழையைச் சொல்லும். தவறான கோப்பைக் காட்டியிருந்தால் சொல்லாது. அதை நாம்தான் உள்நுழைந்து பார்க்க வேண்டும்.

வரிசையும் முக்கியம். பயனர்பெயர் முதலில் எந்தக் கோப்பில் கிடைக்கிறதோ, அதிலுள்ள கடவுச்சொல்லைத்தான் சர்வர் ஒப்பிடும். பொருந்தாவிட்டால் அடுத்த கோப்புக்குப் போகாது. ஆசிரியரும் மாணவியும் 'கவிதா' என்றே பதிந்திருந்தால் மாணவி வெளியே நிற்பாள்! மாணவர்களுக்குச் சேர்க்கை எண்ணையே பயனர்பெயராகக் கொடுங்கள்.

இன்னொன்று. இந்த 'பேசிக்' முறையில் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமலே வலையில் போகிறது. எச்.டி.டி.பி.எஸ். கட்டாயம்.

அலியாஸை சர்வரின் முதன்மை அமைப்புக் கோப்பில்தான் எழுத வேண்டும். கோப்புறைக்குள் வைக்கும் '.எச்.டி.அக்சஸ்' கோப்பில் எழுதினால் ஏற்காது. இப்போது அந்தக் கோப்பைத் திரையில் திறக்கிறேன். பின்வரிசைக்குத் தெரிகிறதா?