சாயத்தானே திண்டு!



'வீட்டை அழகுபடுத்துவது பிறர் பார்க்கவா, நாம் வாழவா?' என்பது தலைப்பு. நாம் வாழவே என்று பேச வந்திருக்கிறேன். வீடு முழுவதையும் பேச நேரம் இல்லை. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். சோபாவில் வைக்கிற குஷன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி அருமையாகச் சொன்னார்கள். "குஷன்தான் வரவேற்பறையின் முகம். உள்ளே நுழைகிறவர் கண் முதலில் விழுவது அதில்தான்" என்றார்கள். கண் விழுந்தது சரிம்மா. ஆள் எங்கே விழறது? (சிரிப்பு)

போன மாதம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனேன். மூன்று பேர் உட்காருகிற சோபா. அதில் ஏழு குஷன். ஏற்கனவே ஏழு பேர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது! எங்கே உட்காருவது என்று திகைத்து நின்றேன். நண்பர் இரண்டை எடுத்து என் மடியில் கொடுத்தார். காது குத்துக்குப் பிள்ளையை மடியில் வைத்த தாய்மாமன் மாதிரி ஒரு மணி நேரம் அவற்றை வைத்துக்கொண்டே பேசிவிட்டு வந்தேன். (சிரிப்பு)

நான் அழகுக்கு எதிரி இல்லை. குஷன் என்பது ஏதோ நேற்று வந்ததும் இல்லை. நம்ம பழைய பெயர் திண்டு. அந்தக் காலத்து வீடுகளில் பாருங்கள், திண்ணையின் தலைமாட்டில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துச் சாய்வாகவே கட்டியிருப்பார்கள். அதுவும் ஒரு திண்டுதான். யாருக்காக? வழிப்போக்கனுக்காக. உடனே எதிரணியினர், "பார்த்தீர்களா, வருகிறவருக்காகத்தானே!" என்பார்கள். ஆமாம், வருகிறவருக்காகத்தான். ஆனால் அவர் பார்ப்பதற்காக அல்ல, படுப்பதற்காக! (கைதட்டல்)

அப்படியானால் குஷனை எப்படித் தேர்ந்தெடுப்பது? எனக்கு முனைவர் பட்டம் உண்டு. ஆனால் ஊசி போடத் தெரியாத டாக்டர். எங்கள் வீட்டில் ஊசி பிடிப்பவர் என் மனைவி. அவர் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன்.

முதலில் உள்ளே இருப்பதைப் பார்க்கணும். மனுஷனுக்கும் அதுதானே விதி! போடி பக்கம் இலவம் பஞ்சுக்குப் பேர்போன ஊர். அந்தப் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும். அதற்குள் காற்று. அதனால்தான் அத்தனை லேசு. மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சும் உண்டு. சட்டென்று தண்ணீரை உறிஞ்சாது. ஒரு காலத்தில் கப்பலில் உயிர்காக்கும் அங்கிகளுக்குள் இந்தப் பஞ்சைத்தான் அடைத்தார்கள். இலவு காத்த கிளி ஏமாந்தது. இலவம் பஞ்சில் சாய்ந்தவன் ஏமாறவில்லை. குறையும் உண்டு, நாளாக நாளாக அமுங்கும். அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்டணும். அதற்கு நேரம் இல்லாதவர்கள் நார் அடைத்ததை வாங்கலாம்.

அடுத்தது அளவு. 16 அங்குல உறைக்குள் 16 அங்குலக் குஷனையே போட்டால் நாலு மூலையும் வாடிய வெற்றிலை மாதிரி தொங்கும். உள்ளே இருப்பது 18 அங்குலம் இருக்கட்டும். அப்போதுதான் கன்னம் உப்பிய குழந்தை மாதிரி இருக்கும்.

அப்புறம் நிறம். ஒரு சோபாவில் ஒரு குஷன் பேசினால் போதும், மற்றவை கேட்கணும். எல்லாமே பேசினால் அது பட்டிமன்றம் ஆகிவிடும்! (சிரிப்பு) கீழே பவானி ஜமுக்காளம் விரித்திருக்கிறீர்களா? அதிலேயே பட்டை பட்டையாகக் கோடு இருக்கிறது. குஷனிலும் கோடு வேண்டாம். ஜமுக்காளத்தில் இருக்கிற ஒரு நிறத்தை எடுத்து, அதே நிறத்தில் பூவேலை இல்லாத கைத்தறித் துணியில் உறை போடுங்கள். நீலகிரித் தோடர் பெண்கள் இழை எண்ணி, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்களே, 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு, அதில் ஒரு குஷன் கிடைத்தால் நடுவில் வையுங்கள். சுற்றியுள்ளவை அடக்கமாக இருக்கட்டும்.

கண்ணாடி பதித்த குஷனும் அழகுதான். ஆனால் மத்தியானம் அதில் தலை வைத்துப் படுத்து எழுந்தால் கன்னத்தில் முத்திரை குத்தியிருக்கும். பழைய பட்டுச்சேலையில் உறை தைக்கிறவர்கள் ஜரிகையை ஓரத்தில் வையுங்கள், நடுவில் வைத்தால் கழுத்தை அறுக்கும். பருத்தித் துணியை ஒரு முறை நனைத்துக் காயவைத்த பிறகு தையுங்கள். சாயம் போவதும் சுருங்குவதும் முன்னாடியே தெரிந்துவிடும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் புது வீடு கட்டிக் குடிபோன சமயம். ஆசை ஆசையாக ஒரு சோபா வாங்கி, தந்தத்தின் நிறத்தில் நாலு குஷன் வாங்கி வைத்திருந்தோம். ஊரிலிருந்து அப்பா வந்தார். அம்மா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு எண்பதை நெருங்கும் வயசு. காலையில் குளித்ததும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பது அவர் பழக்கம். வந்த முதல் நாள் சோபாவில் சாயப் போனார். "அப்பா, பார்த்து! குஷன்ல எண்ணெய் படும்" என்று ஒரு குரல் வந்தது. மருமகள் குரல் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. பெற்ற பிள்ளையின் குரல். நான்தான் சொன்னேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். குஷன் மேல் சுருக்கம் இல்லாமல் விரித்தார். அப்புறமும் சாயவில்லை, சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டார். பத்து நாள் அப்படியேதான் இருந்தார். ஒரு மாதம் தங்குவதாக வந்தவர், "தோட்டத்துல வேலை கிடக்குப்பா" என்று கிளம்பிவிட்டார். அடுத்த தை மாதத்தில் அவர் இல்லை.

அந்தக் குஷன்களில் கடைசிவரை ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படவில்லை. வருகிறவர்கள் எல்லோரும், "புதுசு மாதிரியே வச்சிருக்கீங்களே!" என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை என்னால் தாங்க முடியவில்லை.

வகுப்பில் வருஷா வருஷம் புறநானூற்றின் 50ஆம் பாட்டை நடத்துகிறவன் நான். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனை. அங்கே வீரமுரசு வைக்கிற கட்டில். அதன்மேல் மெத்தென்று பூ விரித்திருக்கிறார்கள். முரசை நீராட்ட வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள். நடந்து களைத்து வந்த புலவர் மோசிகீரனார், அது என்ன கட்டில் என்று தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். அதில் படுத்தவனுக்கு வெட்டுதான் தண்டனை. அரசன் வந்தான். பார்த்தான். வாளை எடுக்கவில்லை, விசிறியை எடுத்து வீசினான்.

ஒரு நாட்டின் வீரமுரசுக்கு விரித்த படுக்கையில் ஒரு புலவர் அறியாமல் படுத்ததற்கு அரசன் விசிறி வீசினான். கடையில் வாங்கிய குஷனில் பெற்ற தகப்பன் சாய வந்தபோது, பாட்டை நடத்துகிற பேராசிரியர் எண்ணெய்க் கணக்குப் பார்த்தார். (நீண்ட கைதட்டல்)

இந்தக் கைதட்டு அரசனுக்குச் சேரட்டும், எனக்கு வேண்டாம்.

பிறகு என் மனைவி ஒரு காரியம் செய்தார். பெட்டியில் என் அம்மாவின் மதுரைச் சுங்குடிச் சேலை ஒன்று இருந்தது. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன துணி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெண் கையால் போட்ட முடிச்சு. அதை வெட்டி இரண்டு உறை தைத்தார். அரக்கு நிறம், எண்ணெய் பட்டாலும் தெரியாது. "இதை உங்கப்பா இருந்தப்பவே செஞ்சிருக்கணும்" என்றார். நான் பதில் பேசவில்லை. இன்று என் பேத்தி மாம்பழம் தின்ற கையோடு அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். அதில் கறை இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே அழகான பொருள் அதுதான்.

நடுவர் மணி அடித்துவிட்டார், முடித்துவிடுகிறேன். தாய்மார்களே, கடைக்குப் போய்க் குஷனைக் கையில் எடுக்கும்போது, "இது சோபாவுக்குப் பொருந்துமா?" என்று கேளுங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால், "எங்க வீட்டுல யார் இதுல சாய்வாங்க?" என்று ஒரு முறை கேளுங்கள். அந்த ஆளின் முகம் மனசுக்கு வந்துவிட்டால் நிறமும் துணியும் தானாக அமையும். வருகிறவர் பார்க்கட்டும், பாராட்டட்டும். ஆனால் அந்தக் குஷனில் ஒரு பள்ளம் இருக்கட்டும். நம்ம வீட்டு மனுஷன் சாய்ந்து எழுந்த பள்ளம்!

ஆகவே நடுவர் அவர்களே, வீட்டை அழகுபடுத்துவது நாம் வாழவே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.