பெரு மக்கள் பெற்ற வாக்குரிமை



தென் அமெரிக்காவிலே பெரு என்றொரு நாடு. அங்கே மலைநாட்டில் கெச்சுவா மொழி பேசும் உழவர்கள் பண்ணையார் நிலத்தில் கூலியின்றி உழைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லி அவர்களுக்கு வாக்குரிமையும் மறுக்கப்பட்டது. பள்ளிக்கூடம் கட்டாதவன் செய்த குற்றத்துக்குப் படிக்காதவனுக்குத் தண்டனை!

1968-இல் ஜெனரல் வெலாஸ்கோ ஆட்சியைக் கைப்பற்றினார். 1969-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975-இல் கெச்சுவா ஆட்சிமொழியானது. நல்ல காரியங்கள்தாம், ஆனால் மக்களைக் கேட்டுச் செய்தவையல்ல. அதே ஆண்டு இன்னொரு ஜெனரல், மொராலெஸ் பெர்மூதெஸ், அவரை இறக்கிவிட்டார். விலைவாசி ஏறிற்று, கூலி தேய்ந்தது.

1977 ஜூலை 19 அன்று தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்க முன்னணியினர் சுமார் 5,000 பேர் வேலை இழந்தனர். ஆனால் அந்த மாதம் முடியுமுன்பே, அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் என்று இராணுவ அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. 1979 அரசியல் சட்டம் எழுத்தறியாதோருக்கும் வாக்குரிமை தந்தது.

1980 மே 18, தேர்தல் நாள். அதற்கு முந்தைய நாள், சுஸ்சி கிராமத்தில் 'ஒளிரும் பாதை' கட்சியினர் வாக்குப் பெட்டிகளைக் கொளுத்தினர்! புரட்சியின் பெயரால் அவர்களும், ஒழுங்கின் பெயரால் இராணுவமும் கொன்று குவித்தார்கள். 20 ஆண்டுகளில் 69,000 பேருக்கு மேல் மாண்டும் காணாமலும் போனார்கள் என்று 2003-இல் உண்மை ஆணையம் கணக்கிட்டது. மாண்டவர்களில் நான்கில் மூவர் கெச்சுவா முதலான பழங்குடி மொழி பேசியவர்கள்.

வேலை இழந்த அந்த 5,000 பேரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் வழி தெரியும். மக்கள் பெயரால் பேசுகிறவர் எவராயினும், மக்களைக் கேட்டாரா என்று முதலில் நாம் கேட்போம்!