படம் போற இடத்துக்குப் பேரும் போகணும்: ஓவியர்களும் இணையமும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோடு ஓவியர்களுக்கானது. சுவர்ல எழுதறவங்க, கோயில் சுதைச் சிற்பங்களுக்கு வர்ணம் பூசறவங்க, கேன்வாஸ்ல வரையறவங்க, டேப்லெட்ல வரையறவங்க எல்லாருக்கும். நான் சாஃப்ட்வேர் ஆளு, எனக்கு வரையத் தெரியாது. ஆனா ஒரு படம் இணையத்துல ஏறின பிறகு அதுக்கு என்ன ஆகுதுன்னு தெரியும். அதை மட்டும் பேசறேன்.

மேல்மலையனூரை எடுத்துக்குவோம். விழுப்புரம் மாவட்டம், செஞ்சிக்கு வடமேற்கே. அங்காளம்மன் கோயில்ல ஒவ்வொரு அமாவாசை ராத்திரியும் ஊஞ்சல் உற்சவம் நடக்கும். மாசியில, மகா சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. அம்மன் வேஷம், காளி வேஷம் போட்டு, முகம் முழுக்க வர்ணத்தோட பக்தர்கள் வருவாங்க. அந்த முகங்களைப் படம் எடுக்கறதுக்குன்னே வெளியூர்ல இருந்து போட்டோகிராபர்கள் வர்றாங்க. படம் இன்ஸ்டாகிராம்ல ஏறும். கீழே போட்டோ எடுத்தவர் பேர் இருக்கும். சரிதான், அது அவர் உழைப்பு. ஆனா அந்த முகத்தை எழுதினது யாரு? பெரும்பாலும் பேரே இருக்காது. படத்தைப் பார்த்துட்டு, "எங்க ஊர் திருவிழாவுக்கும் இவரைக் கூப்பிடலாமே"ன்னு ஒருத்தர் நினைச்சா, கூப்பிட நம்பர் கிடையாது. ஆயிரம் பேர் பார்த்த வேலை, அதைச் செஞ்சவருக்கு ஒரு வேலையைக்கூடக் கொண்டு வரல.

இதுக்கான தீர்வு நம்ம ஊர் ஓவியர்களுக்குப் புதுசு இல்லை. ஃப்ளெக்ஸ் வர்றதுக்கு முன்னாடி எழுதின சுவர் விளம்பரங்களை ஞாபகப்படுத்திப் பாருங்க. கீழ் ஓரத்துல சின்னதா இன்னார் ஆர்ட்ஸ், ஊர் பேர், போன் நம்பர் இருக்கும். உரக்கடை விளம்பரம் எழுதினாலும் சரி, கல்யாண வாழ்த்து எழுதினாலும் சரி, அந்த ஒரு வரி இருக்கும். யாரு, எந்த ஊரு, எப்படிக் கூப்பிடறது. இந்த மூணும்தான் மார்க்கெட்டிங். அதே ஆள் இன்னைக்கு இன்ஸ்டாகிராம்ல படம் போடும்போது ரெண்டு ஃபயர் எமோஜி மட்டும் போட்டு விட்டுடறாரு.

பேரை எழுதி வைக்கறதுக்கும் வைக்காததுக்கும் என்ன வித்தியாசம்னு இதே மாவட்டத்துல பார்க்கலாம். மண்டகப்பட்டுல மகேந்திரவர்மன் குடைஞ்ச குடைவரைக் கோயில் இருக்கு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம விசித்திரசித்தன் இதைச் செய்வித்தான்னு கல்வெட்டு சொல்லுது. விசித்திரசித்தன்ங்கறது அவனோட பட்டப் பேர். ஆயிரத்து நானூறு வருஷம் ஆகியும் அது யாரு செய்வித்ததுன்னு நமக்குத் தெரியுது. பக்கத்துலேயே பனமலை. ராஜசிம்மப் பல்லவன் கட்டின கோயில்ல, குடைக்குக் கீழே நிக்கற பார்வதியோட ஓவியம் இன்னும் மிச்சம் இருக்கு. அவ்வளவு அழகு. அதை வரைஞ்சவர் பேர் நமக்குத் தெரியாது. கட்டுவிச்ச ராஜாவுக்கு எழுத்து இருந்தது, வரைஞ்சவருக்கு இல்லை.

சரி, இப்போ டெக்னிக்கலா பார்ப்போம். கூகுள் ஒரு படத்தை எப்படிப் புரிஞ்சுக்குது? படத்துல முகம் இருக்கு, கோபுரம் இருக்குன்னு கம்ப்யூட்டர் இப்போ ஓரளவு தானாவே கண்டுபிடிச்சிடும். ஆனா அது எந்த ஊர், யார் வரைஞ்சது, என்ன வர்ணம், விலைக்குக் கிடைக்குமாங்கறதெல்லாம் எழுத்துல இருந்தாத்தான் அதுக்கு நம்பகமாத் தெரியும். ஃபைல் பேர், படத்தைச் சுத்தி இருக்கற வாக்கியங்கள், பக்கத்தோட தலைப்பு, அப்புறம் ஆல்ட் டெக்ஸ்ட். ஆல்ட் டெக்ஸ்ட்னா, படம் தெரியாதவங்களுக்கு அதை விவரிக்கற ஒரு வரி. பார்வையில்லாதவங்க பயன்படுத்தற ஸ்க்ரீன் ரீடர் அதைத்தான் படிச்சுச் சொல்லும். தேடுபொறியும் அதைப் படிக்கும்.

அதனால போன் தானாக் கொடுத்த ஐஎம்ஜி, நாலு நம்பர்னு இருக்கற ஃபைல் பேரை முதல்ல மாத்துங்க. படத்துக்குக் கீழே அஞ்சு விஷயம் எழுதுங்க: என்ன படம், எந்த ஊர், எந்த வர்ணம், என்ன அளவு, எந்த வருஷம். விற்பனைக்குன்னா விலையையும் போடுங்க. "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க"ன்னு போட்டா, கூச்சப்படறவங்க வரவே மாட்டாங்க.

ஊர் பேரைத் தமிழ் எழுத்துலயும் இங்கிலீஷ் எழுத்துலயும் எழுதுங்க. மேல்மலையனூர்னு சேர்த்துத் தேடறவங்க இருக்காங்க, மேல் மலையனூர்னு பிரிச்சுத் தேடறவங்களும் இருக்காங்க. வாக்கியத்துல இயல்பா ரெண்டும் ஒரு தடவை வந்தாப் போதும். இருபது தடவை திணிச்சா, படிக்கற ஆளும் ஓடிடுவாரு, கூகுளும் அதை ஏமாத்து வேலையாப் பார்க்கும்.

அடுத்து, இதையெல்லாம் எங்கே எழுதறது? உங்களுக்குன்னு ஒரு பக்கம் வேணும். ஆர்குட் 2014 செப்டம்பர்ல மூடிட்டாங்க. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல்ல போச்சு. டிக்டாக்கை 2020 ஜூன் கடைசியில இந்தியாவுல தடை பண்ணினாங்க. அதை நம்பி ஆள் சேர்த்தவங்க ஒரே ராத்திரியில எல்லாத்தையும் இழந்தாங்க. இன்ஸ்டாகிராம் வேண்டாம்னு சொல்லல. அது திருவிழாக் கடை மாதிரி. கூட்டம் அங்கேதான் இருக்கு, கடை போடணும். ஆனா திருவிழா முடிஞ்சதும் உங்களைத் தேடி வர்ற ஆளுக்கு ஒரு வீட்டு விலாசம் வேணும் இல்லையா? பிளாகர், வேர்ட்பிரஸ் ரெண்டுலயும் இலவசமாவே ஆரம்பிக்கலாம். சொந்தப் பேர்ல டொமைன் வாங்கினா வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமார் ஆகும். அந்த விலாசத்தை இன்ஸ்டாகிராம் பயோவுல போடுங்க. போஸ்ட்டுக்குக் கீழே எழுதினா அங்கே லிங்க் வேலை செய்யாது. பட்டறையோ கடையோ இருந்தா கூகுள் மேப்ல பதிவு பண்ணிடுங்க, அதுக்குக் காசு கிடையாது.

"என்ன எழுதறதுன்னு தெரியலையே"ங்கறதுதான் அடுத்த கேள்வி. அமெரிக்காவுல ட்வேன் கைசர்னு ஒரு ஓவியர். 2004 டிசம்பர்ல ஒரு பிளாக் ஆரம்பிச்சாரு. தினம் ஒரு போஸ்ட்கார்டு அளவு ஓவியம். அதை அன்னைக்கே பிளாக்ல போட்டு, ஈபேல ஏலம் விட்டாரு. கேலரி கிடையாது, தரகர் கிடையாது. அவரைப் பார்த்து எத்தனையோ பேர் அதே மாதிரி ஆரம்பிச்சாங்க. அவர் வெற்றிக்கு நான் பார்க்கற காரணம் ரெண்டு. ஒண்ணு, சின்ன அளவு, வாங்கக்கூடிய விலை. ரெண்டாவது, நாளைக்கும் ஒண்ணு வரும்ங்கற நம்பிக்கை.

நமக்குத் தினம் ஒண்ணு முடியாது. வேண்டவும் வேண்டாம். மேல்மலையனூர் பக்கத்து ஓவியருக்குக் காலண்டரே தயாரா இருக்கு. வருஷத்துக்கு 12 அல்லது 13 அமாவாசை. ஒவ்வொரு அமாவாசைக்கும் முன்னாடி எந்தத் தேதி, எந்த பஸ்னு ஜனங்க அந்த ஊர் பேரைத் தேடறாங்க. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு பதிவு போடுங்க. ஒரு மாசம் வேஷத்துக்கு முகம் எழுதற முறை, எந்த வர்ணம் முதல்ல, எது கடைசியில. இன்னொரு மாசம் சுதைச் சிற்பத்துக்கு வர்ணம் பூசறது. கோயில்கள்ல பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் பண்றது வழக்கம், அப்போ கோபுரத்துக்குப் பஞ்சவர்ணம் பூசுவாங்க. பழைய நிலைமை, சாரம் கட்டினது, ப்ரைமர் அடிச்சது, கண் திறந்தது, முடிஞ்சது. இந்த அஞ்சு போட்டோவும் பத்து வரியும் இருந்தாப் போதும். அடுத்த ஊர் கோயில் கமிட்டிக்காரர் உங்களைக் கூப்பிடறதா வேண்டாமான்னு அதைப் பார்த்து முடிவு பண்ணுவாரு. கருவறைப் பக்கம் படம் எடுக்கக் கூடாது, மத்த இடத்துக்கும் கேட்டுட்டு எடுங்க.

இங்கே சட்டத்துல ஒரு விஷயம், கவனமாக் கேளுங்க. 1957 காப்புரிமைச் சட்டப்படி, நீங்களா வரைஞ்ச படத்துக்கு நீங்கதான் முதல் உரிமையாளர். கேன்வாஸை வித்துட்டா மட்டும் காப்புரிமை கைமாறாது. அதுக்கு எழுத்துல ஒப்பந்தம் வேணும். ஆனா ஒருத்தர் காசு கொடுத்து உங்களை வரையச் சொன்ன ஓவியம்னா கதை வேற. எதிரா ஒப்பந்தம் எதுவும் இல்லாட்டி, சொன்னவர்தான் முதல் உரிமையாளர். பிரிவு 17 இதைச் சொல்லுது. நம்ம ஆளுங்க செய்யறதுல பாதி இப்படி ஆர்டர் வேலைதான். அதனால அட்வான்ஸ் வாங்கும்போதே, "இந்த வேலையோட படங்களை என் பக்கத்துல போட்டுக்கறேன், காப்புரிமை என்கிட்ட இருக்கும்"னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கோங்க. இன்னொண்ணு, பிரிவு 57. உரிமை கைமாறின பிறகும், இதை வரைஞ்சது நான்தான்னு சொல்லிக்கற உரிமை உங்ககிட்டயே இருக்கும். பேரைக் கேட்கறது உதவி கேட்கறது இல்லை, அது உங்க சட்ட உரிமை. வேஷம் எழுதி விடற அன்னைக்கே, கழுத்துல கேமராவோட நிக்கறவர்கிட்ட உங்க பேரையும் நம்பரையும் கொடுத்து, "படம் போடும்போது இதையும் போடுங்க சார்"னு சொல்லுங்க.

படத்துலயும் கையெழுத்து இருக்கட்டும். கேப்ஷனை வெட்டிட்டு வாட்ஸ்அப்ல அனுப்பிடுவாங்க. நம்ம ஊர்ப் பெண்களைப் போட்டோ மாதிரியே வரைஞ்சாரே ஓவியர் இளையராஜா, 2021 ஜூன்ல கோவிட்ல இறந்தாரு. அவர் ஓவியங்கள் உங்க போனுக்கும் ஃபார்வர்டா வந்திருக்கும். அந்த மாதிரி சுத்தற படத்தோட கடைசி வரைக்கும் கூட வரக்கூடியது ஓவியத்துக்குள்ளேயே இருக்கற கையெழுத்துதான். ஓரத்துல சின்னதாப் போட்டா வெட்டிடுவாங்க, கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடுங்க. படத்து நடுவுல பெரிய வாட்டர்மார்க் வேண்டாம், பார்க்கவே பிடிக்காது.

கடைசியா, லைக்கை எண்ணாதீங்க. போன் பண்ணி விசாரிக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் "எங்கே பார்த்தீங்க?"ன்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. ஆறு மாசம் கழிச்சு அந்த நோட்டைப் பார்த்தா எதுல நேரம் செலவு பண்றதுன்னு தெரிஞ்சிடும். முதல் ரெண்டு மூணு மாசம் யாருமே வராமப் போகலாம். புதுப் பக்கம்னா அப்படித்தான், நிறுத்திடாதீங்க.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. போன்ல இருக்கற உங்க பழைய வேலைகள்ல பத்தை எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் நான் சொன்ன அஞ்சு விஷயத்தையும், கீழே உங்க பேர், ஊர், நம்பரையும் எழுதி வைங்க. பக்கம் ஆரம்பிக்கறது அதுக்கப்புறம் ஒரு மணி நேர வேலை. உங்க ஊர்ல இதெல்லாம் பண்ணத் தெரியாத ஒரு பெரியவர் வரைஞ்சுக்கிட்டு இருந்தா, பக்கத்துல உட்கார்ந்து நீங்க எழுதிக் கொடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.