வீட்டுக்கு ஓர் ஆள் வைப்பது எப்போது?



"அம்மாவைப் பார்த்துக்க ஆள் வைக்கலாமா?" இந்தக் கேள்வி வாய்விட்டு வருவதற்கே பல வீடுகளில் மாதக்கணக்காகிறது. நாலு பிள்ளை பெற்றவளுக்குக் கூலிக்கு ஆளா என்று சொந்தபந்தம் கேட்குமே என்ற பயம். அந்தப் பயத்தில் நாள் தள்ளிப்போக, மகளோ மருமகளோ யாரோ ஒருத்தி தலையில் மொத்த வேலையும் இறங்கிவிடுகிறது. 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். உங்கள் தெருவிலேயே இந்தக் கேள்வி நாலு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

வயதையும் நோயின் பெயரையும் வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம். 85 வயதில் தானே குளித்து, தானே காபி கலந்து குடிப்பவர் இருக்கிறார். 62 வயதில் பக்கவாதம் வந்து கை தூக்க முடியாதவரும் இருக்கிறார். சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்காருவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறே காரியங்கள். முதியோர் மருத்துவத்தில் இன்றும் இவற்றைத்தான் கேட்கிறார்கள். பெரும்பாலும் குளியல்தான் முதலில் தடுமாறும். சாப்பிடுவது கடைசிவரை கைவசம் இருக்கும். அதனால் "நல்லாத்தானே சாப்பிடுறாங்க" என்ற ஆறுதலை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

தனியாக இருப்பவர் வீட்டில் இன்னும் முன்னதாகவே அடையாளம் தெரியும். மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். தேதிக்கும் மாத்திரைக்கும் கணக்கு இடிக்கும். கரண்ட் பில் கட்டாமல் கிடக்கும். பாத்திரத்தின் அடி கருகியிருக்கும்.

அடுத்தது, ஒரு தாளில் காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை அவருக்குச் செய்யும் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நேரே அதை இப்போது யார் செய்கிறார் என்று பெயர் போடுங்கள். இரவு 2 மணிக்குப் பாத்ரூம் கூட்டிப் போவது யார்? எல்லா வரியிலும் ஒரே பெயர் வந்தால், இரண்டாவது ஆள் தேவை என்பது அங்கேயே தெரிந்துவிடும். அந்தப் பெயருக்கு உரியவரிடம் நேராகக் கேளுங்கள்: ராத்திரி தூங்குகிறாயா, முதுகுவலி எப்படி இருக்கிறது, உன் சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் கருத்து அதற்குப் பிறகுதான். வீடியோ காலில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து தெளிவாகப் பேசுவார். போனை வைத்ததும் அயர்ந்து சாய்வதைப் பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்கிறார்.

படுத்த படுக்கையாகிவிட்டால் யோசிக்க அதிக நேரம் கிடையாது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களைத் தினமும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நம் மாநிறத் தோலில் சிவப்பு சட்டென்று கண்ணில் படாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ தட்டுப்பட்டால் படுக்கைப்புண் ஆரம்பிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பகலாக இதை ஒருவரே செய்ய உடம்பு இடம் கொடுக்காது. அவருக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும் கொடுக்காது.

சரி, யாரை வைப்பது? ஏஜென்சிக்குப் போன் போட்டு "ஒரு நர்ஸ் அனுப்புங்க" என்கிறோம். வருகிறவர் பல நேரம் அட்டெண்டர். குளிப்பாட்ட, உணவு ஊட்ட, டயப்பர் மாற்ற, நடக்கவைக்க நல்ல அட்டெண்டர் போதும். மூக்குக்குழாய் வழியே உணவு, சிறுநீர்க் குழாய், ஊசி, புண்ணுக்குக் கட்டு என்று வந்தால் படித்த நர்ஸ் வேண்டும். நர்சிங் டிப்ளமோ 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. முடித்தவர்கள் தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள். அந்தப் பதிவுச் சான்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பல வீடுகளுக்குப் பகல் முழுக்க ஓர் அட்டெண்டரும், டாக்டர் சொல்லும் நாட்களில் வந்துபோகும் ஒரு நர்ஸும் போதும், செலவும் அடங்கும்.

பணவசதி இல்லாத வீடுகள் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பிசியோதெரபிக்கும் வலிதணிப்புச் சிகிச்சைக்கும்கூட வீடு தேடி வருகிறார்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567. குறித்துக்கொள்ளுங்கள்.

ஆள் வைக்கும் முன் பெரியவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் தன் உடம்பைத் தொட்டுத் துடைப்பது யாருக்கும் லேசான காரியம் இல்லை. அம்மாவுக்குப் பெண்தான் வேண்டும், அப்பாவுக்கு ஆண்தான் வேண்டும் என்றால் அதன்படியே செய்யுங்கள். முதல் வாரம் குடும்பத்தில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் வேறு ஆளைக் கேட்பதில் தவறில்லை.

வருகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். நேரத்துக்குச் சாப்பாடு, படுக்க ஓர் இடம், வாரத்தில் ஒரு நாள் லீவு, இவற்றை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க அவரை அழைக்காதீர்கள். அந்த நேரத்தில் பெரியவர் தனியாக எழுந்து விழுந்துவிடலாம். ஒரு நோட்டுப் போட்டு மாத்திரை கொடுத்த நேரம், சிறுநீர், மலம், பிரஷர், தூக்கம் எல்லாவற்றையும் அவரையே எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.